வழிகாட்டுபவர் யாருடைய மலையில் நடக்கிறார்? – மலைபடுகடாம், திருக்குற்றாலக் குறவஞ்சி வழியே குற்றால மலையேற்றச் சுற்றுலா: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மலைவாழ் மக்களுக்குப் பயன்தரும் பேண்தகு மலையேற்றச் சுற்றுலா என்னும் கருத்து அண்மைக் காலத்தில் அரசுத் திட்டங்களின் வழியே தமிழகத்தில் வேரூன்றத் தொடங்கியுள்ளது. மலைவழியில் வேற்றாரை அழைத்துச் செல்லும் மலைமகனும், மலையின் வளத்தை எடுத்துரைக்கும் மலைமகளும் தமிழ் இலக்கியத்துக்குப் புதியவர் அல்லர். மலைபடுகடாம், திருக்குற்றாலக் குறவஞ்சி ஆகிய இரண்டு நூல்களும் வழிகாட்டுவோரை எவ்வாறு படைத்துள்ளன என்பதை ஒப்பிட்டு, அறிவு, ஊதியம், உரிமை ஆகிய மூன்று அளவுகோல்களை இக்கட்டுரை வகுத்துக்கொள்கிறது. அவற்றைக் கொண்டு குறவஞ்சியின் மலைவளப் பகுதியையும், இன்றைய குற்றால மலையேற்ற ஏற்பாட்டையும் மதிப்பிடுகிறது. அறிவுக்கு ஊதியம் கிடைத்தும் உரிமை கிடைக்காத நிலையே குறவஞ்சிக் காலம் தொட்டு இன்றுவரை தொடர்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குற்றாலக் குறவஞ்சி, மலைபடுகடாம், மலையேற்றச் சுற்றுலா, பளியர், காணிக்காரர், வன உரிமை, பேண்தகு வளர்ச்சி.

முன்னுரை

தென்காசி மாவட்டத்தின் அடையாளமாக விளங்குவது குற்றாலம். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றால அருவி, மலைமேல் செண்பகாதேவி அருவி, அதற்கும் மேலே தேனருவி என அடுக்கடுக்காக நீர் இறங்கும் இம்மலை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சாரலை நாடிவரும் பல்லாயிரம் மக்களை ஈர்க்கிறது. இத்தலத்தைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தலபுராணம், குறவஞ்சியின் சந்தநயம், சித்திரசபை ஓவியங்கள் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. இரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தைத் தம் வாழிடமாகக் கொண்டு வளர்த்த சுவைநோக்கு மரபும் இதற்கு ஒரு காரணம். அம்மரபு தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. எனினும் குறத்தியின் பாட்டைச் சுவைத்த அளவுக்கு, குறத்தி எதைத் தன்னுடையது என்று சொல்கிறாள், எதைக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறாள் என்பதைத் தமிழ்த் திறனாய்வு உசாவவில்லை.

2024 அக்டோபர் 24 அன்று தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள் அதில் அறிவிக்கப்பட்டன. குற்றாலம் – செண்பகாதேவி அருவி வழித்தடம் அவற்றுள் ஒன்று. பழங்குடியினரும் வனவோரச் சிற்றூர்களைச் சேர்ந்த இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக அமர்த்தப்படுவது இத்திட்டத்தின் குறிப்பிடத்தக்க கூறு. ஆக, குற்றால மலையின் வளத்தை வந்தவர்க்கு எடுத்துரைக்கும் பணி மீண்டும் மலையைச் சார்ந்தவரிடம் வந்து சேர்ந்துள்ளது. இச்சூழலில் பழைய நூல்களைப் புதிய வினாவோடு அணுகுவது தேவையாகிறது.

‘பேண்தகு’ என்னும் சொல்

ஐக்கிய நாடுகள் அவை 2002ஆம் ஆண்டைப் பன்னாட்டு மலைகள் ஆண்டாகவும் பன்னாட்டுச் சூழல் சுற்றுலா ஆண்டாகவும் ஒருசேர அறிவித்தது. மலையும் சுற்றுலாவும் ஒன்றையொன்று சார்ந்தவை, ஒன்றையொன்று அழிக்கவும் கூடியவை என்னும் உணர்வு உலக அளவில் வலுப்பெற்ற காலம் அது. இயற்கையைக் குன்றாமல் காத்தல், வருவோர்க்கு நிறைவான பட்டறிவைத் தருதல், உள்ளூர் மக்களுக்கு வருவாய் சேர்த்தல் என்னும் மூன்றும் பேண்தகு சுற்றுலாவின் கூறுகளாகப் பொதுவில் சொல்லப்படுகின்றன.

தமிழில் இக்கருத்துக்கு வழங்கும் ‘பேண்தகு’ என்னும் சொல் ஆழமானது. பேணுதல் என்பது காத்தலை மட்டும் குறிப்பதன்று. விருந்து பேணுதல், பெரியோரைப் பேணுதல், உடலைப் பேணுதல் என அது உறவையும் மதிப்பையும் உள்ளடக்குகிறது. பேணுபவர் ஒருவரும் பேணப்படுபவர் ஒருவரும் இல்லாமல் பேணல் நிகழாது. மலையேற்றச் சுற்றுலாவில் மலையைப் பேணுபவர் யார், விருந்தினரைப் பேணுபவர் யார், அவ்விருவரும் ஒருவரே என்றால் அவரைப் பேணுபவர் யார் என்னும் வினாக்கள் இச்சொல்லிலேயே அடங்கியுள்ளன. ஆகவே வருவாய்ப் பகிர்வு என்னும் ஒற்றை அளவுகோல் போதாது. வழி பற்றிய அறிவு யாருடையது, அவ்வறிவுக்கு என்ன ஊதியம், வழியைத் திறக்கவும் மூடவும் உரிமை யாருக்கு என்னும் மூன்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

மலைபடுகடாம்: காட்டைக் காப்போரே வழிகாட்டுவோர்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன்மீது பாடியது. 583 அடிகளைக் கொண்ட இந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. ஆற்றுப்படை நூல்களுள் வழியின் இயல்பை இத்துணை நுணுக்கமாக விரித்துரைப்பது வேறொன்றில்லை எனலாம்.

பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தனுக்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். தினைப்புனத்தைச் சிதைக்கும் பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் இருக்கும்; ஆதலால் பொழுது புலர்ந்த பின்னரே நடக்க வேண்டும். யானையை விரட்டப் பரண்மேலிருந்து கவண்கல் எறிவார்கள். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்ல வேண்டும். வழுக்கும் பாறைகளில் கொடிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். இரவில் குகைகளில் தங்க வேண்டும். இக்காலத்து மலையேற்றக் கையேடு ஒன்றில் இடம்பெறும் பாதுகாப்பு நெறிகளோடு இவற்றை ஒப்பிட்டால் வேறுபாடு பெரிதாக இல்லை. இங்குச் சொல்லப்படும் இடர்களுள் சில மலைமக்களின் உழவைக் காக்கும் ஏற்பாடுகள் என்பது கருதத்தக்கது. பொறியும் கவணும் வழிப்போக்கருக்காக அகற்றப்படுவதில்லை. மலைமக்களின் வாழ்வு அதன் போக்கில் நடக்கிறது. வருபவரே தம் நடையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

வழி தவறியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கூத்தன் கூறும் இடம் இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானது. கூத்தர் தம் இசைக்கருவிகளை முழக்க வேண்டும்; ஒலி கேட்டதும் காட்டைக் காத்து வாழும் கானவர், வெள்ளத்தில் சிக்கியவரைக் காக்க ஓடிவருவோர் போல விரைந்து வருவர்; உண்ணப் பழமும் சூடப் பூவும் தந்து, இடர் மிகுந்த வழியில் தாமே முன்னே நடப்பர் என்கிறான். வழிகாட்டும் கானவரைப் புலவர் காட்டைக் காப்போர் என்று முதலில் அறிமுகப்படுத்தி, அதன் பின்னரே வழிகாட்டுவோராகக் காட்டுகிறார். காவல் உரிமை முன்னது. வழிகாட்டல் அதன் விளைவு. அறிவும் உரிமையும் இங்கு ஒருவரிடமே உள்ளன. ஊதியம் என்ற பேச்சே இல்லை. விருந்தோம்பல் அதன் இடத்தை நிரப்புகிறது.

இச்சித்திரம் நன்னனின் நாட்டு வளத்தைப் புகழும் நோக்கில் தீட்டப்பட்டது என்பதை மறத்தல் கூடாது. மலைமக்களின் ஈகை, புரவலனின் பெருமைக்குச் சான்றாகவே நூலில் வைக்கப்படுகிறது. ஆயினும் புகழ்ச்சிக்காகவேனும், வழிகாட்டுபவரைக் காட்டின் காவலராக எண்ணிப்பார்க்க அக்காலப் புலவரால் இயன்றது.

குறவஞ்சி: மலைவளம் கூறும் குறத்தி

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் நிலைமை வேறு. குற்றாலநாதரின் உலாவைக் கண்டு காதல்கொண்ட வசந்தவல்லியின் தெருவுக்குக் குறத்தி வருகிறாள். மலைபடுகடாத்தில் வருவோர் மலைக்குப் போகின்றனர். இங்கு மலை, குறத்தியின் சொல்வழியே தெருவுக்கு இறங்கி வருகிறது. வசந்தவல்லி கேட்க, குறத்தி மலைவளத்தை விரிக்கிறாள். குரங்குகள் கனி பகிரும் காட்சியும், சித்தர்கள் பேணும் மூலிகையும், அருவியின் திவலை வானளாவி எழுந்து கதிரவனின் தேரையே தடுமாறச் செய்யும் கற்பனையும் தமிழறிந்தோர் அனைவரும் அறிந்தவை.

இப்பகுதியைச் சுற்றுலா நோக்கில் வாசிக்கும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, மலையைக் காணாத ஒருத்திக்கு மலையை அறிந்த ஒருத்தி அதனை விளக்குகிறாள். ஆகவே இது ஒரு வழிகாட்டியின் பேச்சு. இரண்டாவது, அப்பேச்சு குறிசொல்லலுக்கு முன்னுரையாக அமைகிறது. மலையைப் பற்றிய அறிவே அவளது தொழிலுக்கு நம்பகத்தன்மை தருகிறது. மூன்றாவது, திரிகூட மலையைச் சிவனுடைய மலை என்றும் தம் மலை என்றும் அவள் ஒரே மூச்சில் சொல்கிறாள். உடைமையைக் குறிக்கும் அத்தன்மைப் பன்மைச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே மலைக்கு இரண்டு உரிமையாளர்கள். பாட்டில் இது முரணாகத் தோன்றுவதில்லை. ஆனால் நிலவுரிமையின் வரலாற்றில் இது எளிதில் தீராத முரண்.

காணியும் சீதனமும்

திரிகூடத்தோடு நில்லாமல் கொல்லிமலை, பழனிமலை, விந்தம், இமயம் எனப் பல மலைகளைக் குறத்தி தன் உறவினர்க்குரியனவாக அடுக்குகிறாள். நாட்டின் மலைகள் அனைத்தும் ஒரு குடும்பத்தின் சொத்துப் பட்டியல் போல விரிகின்றன. இதனை உரையாசிரியர்கள் நகைச்சுவை கலந்த மிகைக்கூற்றாகக் கொள்வதுண்டு. ஆனால் பழனிமலையைக் கணவனுக்குரிய காணி என்று அவள் சொல்வது வெறும் மிகையன்று. காணி என்பது தலைமுறை வழிவரும் நிலவுரிமையைக் குறிக்கும் சொல். கல்வெட்டுகளிலும் ஆவணங்களிலும் அது உறுதியான பொருளில் வழங்கியது. குற்றாலத்துக்குத் தெற்கே பொதிகைமலைத் தொடரில் வாழும் பழங்குடியினரின் பெயரும் காணிக்காரர் என்பதே. நிலவுரிமைச் சொல்லைக் குறத்தியின் வாயில் வைத்தபோது, கவிராயர் அறிந்தோ அறியாமலோ ஒரு சட்டக் கோரிக்கையைப் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

அக்கோரிக்கையை அவரே கலைத்தும் விடுகிறார். இலஞ்சியில் உறையும் முருகனுக்குத் தம் குலத்துப் பெண்ணை மணமுடித்துக் கொடுத்தபோது, தம் ஆளுகைக்கு உட்பட்ட மலைகள் அனைத்தையும் சீதனமாகக் கொடுத்துவிட்டதாகக் குறத்தி கூறுகிறாள். திரிகூடமோ பரமருக்குரிய பழைய மலையாக நிற்கிறது. வள்ளி திருமணத்தை நினைவூட்டும் இவ்விடம் பக்தி நோக்கில் பெருமிதம் தருவது. பொருளியல் நோக்கில் பார்த்தால், மலைகள் எவ்வாறு மலைமக்களின் கையை விட்டுப் போயின என்பதற்கான விளக்கம் இது. அவ்விளக்கம் பறிப்பைப் பற்றியதாக இல்லை. கொடையைப் பற்றியதாக இருக்கிறது. இழந்தவளே மனமுவந்து கொடுத்ததாகச் சொல்வதால் இழப்பு இழப்பாகத் தெரிவதில்லை. குறவஞ்சியின் மிக நுட்பமான கருத்தியல் செயற்பாடு இதுவே.

நூலின் பிற்பகுதி இதனை உறுதிசெய்கிறது. சிங்கன் பறவை பிடிக்க வருமிடம் மலையன்று. குற்றாலநாதர் கோயிலுக்கு அளிக்கப்பட்ட நன்செய் நிலங்களிலேயே பறவைகள் வந்து மேய்கின்றன. அந்நிலங்களின் பெயர்களும் கொடையாளர்களின் பெயர்களும் பாட்டில் பதிவாகியுள்ளன. சமவெளியின் நிலவுரிமை ஊர் ஊராக, பெயர் பெயராகக் குறிக்கப்படுகிறது. மலையின் உரிமையோ உறவுமுறைப் பாட்டாக மட்டும் எஞ்சுகிறது.

கொடையும் கூலியும்

குறிசொன்ன குறத்திக்கு வசந்தவல்லி அணிகலன்களை வழங்குகிறாள். பின்னர் சிங்கியைக் கண்ட சிங்கன், அவள் அணிந்துள்ள ஒவ்வோர் அணியையும் சுட்டி ஐயத்துடன் வினவுகிறான். சிலம்பு சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்றது என்பது போல அவள் ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்கிறாள். மேடையில் நகைப்பை விளைவிக்கும் இவ்வுரையாடல், உழைப்பின் வருவாயை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயத்தில் ஒரு பெண் நிற்கும் காட்சியுமாகும். அவள் இரந்து பெறவில்லை. அறிவை விற்று ஈட்டினாள் என்பதை அவளது விடைகள் நிலைநாட்டுகின்றன. மலைபடுகடாத்தில் இல்லாத ஊதியம் இங்கு வந்துவிட்டது. அங்கிருந்த காவலுரிமை இங்கு இல்லை.

நூலுக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். குறவஞ்சியை இயற்றியமைக்காக மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நன்செய் நிலம் வழங்கினார் என்றும், அது ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர்பெற்றது என்றும் இலக்கிய வரலாறுகள் குறிப்பிடுகின்றன. குறத்தியின் பெயரால் ஒரு நிலம் உண்டாயிற்று. அது குறத்திக்கு உரியதன்று. கவிராயரின் புலமைக்குக் கிடைத்த பரிசைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. மலைமகளின் குரல் பொருளாக மாறும்போது அதன் பயன் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் இந்நூலை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியபோதும் குறத்தி நகரத்து மேடையில் உயிர்பெற்றாள். குற்றால மலை திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுவிட்டது.

இவ்வாசிப்புக்கான மறுப்புகள்

இவ்வாறு வாசிப்பதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். குறவஞ்சியின் குறத்தி இலக்கிய மரபு படைத்த பாத்திரம். குறம் என்னும் சிற்றிலக்கிய வகையிலும் அவள் இவ்வாறே வருகிறாள். எனவே அவளை இனவரைவியல் சான்றாகக் கொள்ளலாகாது என்பது முதல் மறுப்பு. இது பொருத்தமானதே. குறத்தியின் கூற்று, மலைமக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாகாது. சமவெளியினர் அவர்களை எவ்வாறு எண்ணிப்பார்த்தனர் என்பதற்கு அது உறுதியான சான்று. இக்கட்டுரை அதனை அந்த அளவிலேயே பயன்கொள்கிறது.

இன்று இம்மலைத்தொடரில் வாழும் பளியரும் காணிக்காரரும் இலக்கியத்துக் குறவர் அல்லர் என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் மெய்யே. வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வட்டாரங்களின் மலையடிவாரங்களில் பளியர் குடியிருப்புகள் உள்ளன. பாபநாசம் மலைப்பகுதியில் காணிக்காரர் வாழ்கின்றனர். தேன், கிழங்கு, மூலிகை ஆகியவற்றைத் திரட்டி வாழும் இவர்களது மொழியும் வரலாறும் தனித்தனியானவை. இவர்கள் அனைவரையும் ‘குறத்தி’ என்னும் ஒற்றைப் படிமத்துக்குள் அடக்குவது குறவஞ்சி செய்த பிழையை மீண்டும் செய்வதாகும். மலையேற்றச் சுற்றுலா விளம்பரங்கள் ‘பழங்குடி வழிகாட்டி’ என்னும் பொதுப்பெயரால் இவர்களைக் குறிக்கும்போதும் அதே இடர் நேர்கிறது. ஆகவே ஒப்பீடு மக்களினங்களுக்கு இடையிலானதன்று. வழிகாட்டி என்னும் நிலையைப் பற்றியது.

குற்றால மலை இன்று

இன்றைய குற்றாலச் சுற்றுலா அருவியடிச் சுற்றுலா. தங்கும் விடுதி, உணவகம், கடை, வாகனம் என வருவாய் ஈட்டும் வாயில்கள் அனைத்தும் அடிவாரத்தில் உள்ளன. பருவ காலத்தில் கடைகளை நிறைக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் மலாய் மண்ணிலிருந்து வந்த பயிர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இம்மலையில் வாசனைப்பயிர்த் தோட்டங்களை அமைத்த வரலாற்றோடு இணைத்து எண்ணத்தக்கவை இவை. நீரில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கலப்பதற்கு எதிராகவும், இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகள் செயற்கை அருவிகள் அமைப்பதாக எழுந்த புகார் குறித்தும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட வேண்டியிருந்தது. அருவி விழும் இடம் அனைவருக்கும் தெரிகிறது. அருவி பிறக்கும் இடம் யாருடைய பார்வையிலும் இல்லை.

இதன் விளைவு உயிரிழப்பு வரை செல்கிறது. 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் குளிப்போர்க்குத் தெரியாது. மேலே இருப்பவரே அதனை முன்னறிவர். அருவியின் பிறப்பிடம் தொடங்கி விழுமிடம் வரை மலையை ஒரே உடலாகக் காணும் பார்வையே குறத்தியின் மலைவளப் பாட்டில் உள்ளது. அப்பார்வையைச் சுற்றுலா நிருவாகம் இன்னும் தனதாக்கிக்கொள்ளவில்லை.

மலையேற்றத்தைப் பொறுத்தவரை 2018 மார்ச் 11 தமிழகத்தின் திருப்புமுனை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி 23 பேர் உயிரிழந்தனர். அன்று முதலில் மேலேறிச் சென்று காயமுற்றோரைத் தூக்கிவந்தோர் அவ்வூர் மக்களே. வெள்ளத்தில் சிக்கியவரைக் காக்க ஓடிவருவோர் போலக் கானவர் வருவர் என்று மலைபடுகடாம் சொன்ன உவமை அன்று நெருப்பின் நடுவே நிகழ்வாயிற்று. அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. அனுமதி, வழித்தட வகைப்பாடு, வழிகாட்டி, தீப்பருவத் தடை ஆகியவை கட்டாயமாயின.

2024ஆம் ஆண்டின் திட்டம் இவ்விதிகளின் தொடர்ச்சி. வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் இதனை நடத்துகின்றன. வழித்தடங்கள் எளிது, மிதம், கடினம் என வகுக்கப்பட்டுள்ளன. இணையவழி முன்பதிவின்றிச் செல்ல இயலாது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன்வருவார். பல காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த மலைவழிகள் ஒழுங்கோடு திறக்கப்பட்டதும், வழிகாட்டலுக்கு ஊதியம் உறுதியானதும் வரவேற்கத்தக்கவை. இடைத்தரகர்களின் கையில் இருந்த மலையேற்றம் பொறுப்புக்கூறும் அமைப்பிடம் வந்திருப்பதும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

எனினும் முன்னர் வகுத்த மூன்று அளவுகோல்களை இங்குப் பொருத்தினால் ஓர் இடைவெளி தெரிகிறது. அறிவு உள்ளூர் மக்களுடையது. ஊதியமும் அவர்களுக்கு உண்டு. எந்த வழி திறக்கப்பட வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறலாம், தேனெடுக்கும் பருவத்திலும் வழிபாட்டு நாளிலும் வழி மூடப்பட வேண்டுமா, கட்டணத்தில் எவ்வளவு குடியிருப்பின் பொதுநிதிக்குச் சேர வேண்டும் என்னும் முடிவுகள் துறையின் கையில் உள்ளன. வழிகாட்டி அமர்த்தப்படுபவர்; அமர்த்துபவர் அல்லர். இது மலைபடுகடாத்துக் கானவரின் நிலையன்று. குறவஞ்சிக் குறத்தியின் நிலை. அணிகலன் உண்டு, காணி இல்லை.

அண்டை மலைகளின் பாடம்

இதே மலைத்தொடரில் நிகழ்ந்த ஒரு வழிகாட்டலின் வரலாறு இங்குப் பொருந்துவது. 1987இல் அகத்தியர் மலைக்குப் பு‌ஷ்பாங்கதன் தலைமையில் சென்ற அறிவியலாளர் குழு, உடன்வந்த காணிக்கார வழிகாட்டிகள் களைப்பின்றி நடப்பதைக் கண்டு வியந்தது. அவர்கள் உண்ட சிறு பழம் ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் செடியினுடையது. அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமம் 1995இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த மருந்து நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் பங்குத்தொகையிலும் பாதி காணிக்காரர்க்கு என முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. மரபறிவின் பயனைப் பகிர்ந்த முன்னோடி முயற்சியாக இது உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் செடி வளர்வது காப்புக்காட்டில். அதனைப் பயிரிடவும் அறுவடை செய்யவும் வனத்துறையின் தடைகள் குறுக்கிட்டன. அறிவுக்கு விலை கிடைத்தது. நிலத்தின்மேல் உரிமை இல்லாததால் அவ்விலை நிலைக்கவில்லை. குறவஞ்சி பாட்டாகச் சொன்ன முரணை ஜீவனியின் வரலாறு கணக்காகக் காட்டுகிறது.

மாறான எடுத்துக்காட்டுகளும் உள்ளன. குமுளியை அடுத்த பெரியாறு புலிகள் காப்பகத்தில், 1996இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், முன்னர்க் காட்டில் வயணப்பட்டை திருடியோரே குழுவாக ஒருங்கிணைந்து மலையேற்ற வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் மாறினர். மன்னான், பளியர் இனத்தவர்க்கும் அங்கு வழிகாட்டிக் குழுக்கள் உண்டு. தனியாள் கூலியாக அமையாமல், குழுவின் வழியே பணியும் வருவாயும் பகிரப்படுவது இம்முறையின் வலிமை. காவலும் வழிகாட்டலும் ஒருவரிடமே சேர்ந்ததால் மலைபடுகடாத்தின் படிமம் இங்கு ஓரளவு மீள்கிறது. நேபாளத்தின் அன்னபூர்ணா காப்புப் பகுதியில் மலையேறுவோரின் நுழைவுக் கட்டணம் அப்பகுதியின் காப்புக்கும் மேம்பாட்டுக்குமே செலவிடப்படுவதும் இவ்வகையில் எண்ணத்தக்கது. செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் வரும் தென்மலை, இந்தியாவின் முதல் திட்டமிட்ட சூழல் சுற்றுலாத் தலம் எனப் பெயர்பெற்றது. தென்காசிக்கு இத்துணை அருகிலுள்ள தலத்தின் நிறைகுறைகள் தமிழில் ஆராயப்படுவது பயன்தரும்.

இவ்வுரிமைக்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்கள்மீதான உரிமையையும், சமூக வன வளத்தைக் காத்து ஆளும் உரிமையையும், பல்லுயிர் வளம் சார்ந்த மரபறிவின்மீது சமூகத்துக்குள்ள உரிமையையும் ஏற்றுக்கொள்கிறது. மலைவழி சமூக வன வளத்தின் ஊடே செல்கிறது என்றால், அவ்வழியைப் பற்றிய முடிவில் கிராம சபைக்குப் பங்கு உண்டு என்று வாதிட இச்சட்டம் இடந்தருகிறது. வழிகாட்டியின் பேச்சும் மரபறிவே. செடியின் பெயரும் பாறையின் கதையும் நீர்வரத்தின் குறியும் சேர்ந்ததே மலைவளம் கூறல். அதனைத் துறை அச்சிட்ட குறிப்பாக மாற்றி வழிகாட்டியிடம் ஒப்புவிக்கச் சொல்வது, குறத்தியின் பாட்டைப் பறித்து மேடையேற்றுவதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

இருநூல்களையும் இன்றைய நடைமுறையையும் ஒப்பிட்டு நோக்கியதில் பின்வருவன பெறப்படுகின்றன.

மலைபடுகடாம் வழிகாட்டுபவரைக் காட்டின் காவலராகப் படைக்கிறது. அறிவும் உரிமையும் அங்குப் பிரியவில்லை. திருக்குற்றாலக் குறவஞ்சி வழிகாட்டுபவளுக்கு அறிவையும் ஊதியத்தையும் தந்து, உரிமையைச் சீதனமாகக் கரைத்துவிடுகிறது. குற்றால மலையேற்றத் திட்டம் ஊதியத்தை ஒழுங்குபடுத்தியதில் குறவஞ்சியைக் கடந்து முன்னேறியுள்ளது. உரிமையைப் பொறுத்தவரை குறவஞ்சி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பேண்தகு மலையேற்றச் சுற்றுலா என்பதை வழிகாட்டியின் நாட்கூலியைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. வழியை மூடும் முடிவில் வழிகாட்டியின் சொல் எடுபடுகிறதா என்பதே அதன் உண்மையான உரைகல். செண்பகாதேவி வழித்தடத்தில் குழுமுறை வழிகாட்டலும், கட்டணத்தில் குடியிருப்புகளுக்கான பொதுநிதிப் பங்கும், பருவந்தோறும் வழியைத் திறப்பதிலும் மூடுவதிலும் உள்ளூர் மக்களின் ஒப்புதலும் சேர்க்கப்படுமானால் திட்டம் தன் பெயருக்கு ஏற்ப அமையும்.

தமிழ் ஆய்வுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. குற்றால மலையின் வளத்தைக் கவிராயரின் குறத்தி சொல்லக் கேட்டு மூன்று நூற்றாண்டுகள் ஆகின்றன. பளியரும் காணிக்காரரும் தத்தம் மொழியில் சொல்லும் மலைவளம் இன்னும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியுள்ளது. பெயருடனும் ஒப்புதலுடனும் உரிமையுடனும் அதனைப் பதிவுசெய்வது தென்காசி வட்டாரத்தைக் களமாகக் கொள்ளும் ஆய்வாளர்களின் முன் உள்ள முதற்பணி.